கெட்டவளுக்கு ஒரு பெயர்

மூன்றாவது சுற்று மருந்தையும் விட்டுவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். "முக்கால் மணி நேரம் கண்ணைத் திறக்காதீங்கம்மா, கண்ணு பாப்பா விரியணும், நடுவுல திறந்து பாத்தீங்கன்னா மறுபடி முதல்லேருந்துதான்" என்று அவள் சொன்னதைப் பூரணவல்லி முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் வந்து கசந்தது. இது எப்படி இங்கே வருகிறது, கண்ணுக்கும் நாக்குக்கும் நடுவில் ஏதோ குறுக்குச் சந்து இருக்கும் போலிருக்கிறது, காதிலிருந்தும் அப்படி ஒரு சந்து எங்கேயோ போகத்தான் செய்கிறது, இல்லாவிட்டால் ஒரு ஆளைப் பார்க்காமலே பெயரை மட்டும் கேட்டு இவன் குண்டு, இவன் கஞ்சன், இவள் அழுமூஞ்சி என்று எப்படித் தெரிகிறது. இமைக்குள் சிவப்பாக இருந்தது. இரும்பு நாற்காலிகள் ஆறோ ஏழோ ஒன்றோடொன்று இணைத்த வரிசை அது. யாரோ ஒருவர் காலை ஆட்ட, வரிசை முழுக்க நடுங்கியது. ஆட்டுகிறவருக்குப் பயம், இன்றைக்கு ஆபரேஷன் தேதி சொல்லிவிடுவார்களோ என்ற பயம். தனக்கு அந்தப் பயம் இருக்கிறதா என்று பூரணவல்லி உள்ளே தடவிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் ஓரமாக, மடித்து வைத்த குடை மாதிரி. கண்ணழுத்தம் என்று போன மாதம் சொன்னார்கள், மருந்து விட்டால் நிற்கும் என்றும் சொன்னார்கள், நிற்கட்டும். பன்னிரண்டு மணிக்குள் பத்திரிகை ஆபீஸிலிருந்து செல்வின் போன் செய்வான். சனிக்கிழமை சிறுவர் பக்கத்தில் புதுத் தொடர் ஆரம்பம். படம் தயார், முதல் அத்தியாயம் தயார், கெட்டவளின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறது. அதுவும் இப்போது தயார். நாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டாயி.

நல்ல பெயர். சொல்லிப் பார்த்தால் தெரியும், ‘கட்’ என்றதும் தாழ்ப்பாள் விழுகிறது, ‘டா’ என்று வாய் அதட்டத் திறக்கிறது, ‘யி’ என்று பல்லைக் காட்டி முடிகிறது. ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவின் தலைவிக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. டீச்சர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போவாள், பேசுகிறவர்கள் பெயரை எழுதுவாள், மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மூன்று குறி விழுந்தால் முட்டி போட வேண்டும். பிடிக்காதவர்கள் பேசாவிட்டாலும் எழுதுவாள். தமிழ்நாட்டில் இவளிடம் மாட்டாத பிள்ளை உண்டா? யாழினி என்ற பெண் மாட்டுகிறாள், அங்கேதான் கதை ஆரம்பம். யாழினியில் வல்லினமே கிடையாது, எல்லாம் வழுக்கிக்கொண்டும் மூக்கில் சிணுங்கிக்கொண்டும் போகிற எழுத்து, அடித்தால் திருப்பி அடிக்கத் தெரியாத பெயர். இருபத்தாறு வருடமாக இப்படித்தான் அவள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் வயிற்றில் பெற்றது ஒன்றே ஒன்று, சிறுவர் பக்கத்தில் பெற்றது நூற்றுக்கு மேல். எப்போதும் தூங்குகிற வாட்ச்மேனுக்கு மொம்மணன் என்று வைத்தாள். சொல்லும்போதே உதடு மூடிக்கொள்ளும். ஓயாமல் சைக்கிள் மிதிக்கிறவன் சர்ரப்பன். பெயரைச் சொல்லுங்க மேடம், படம் தானா வந்துடும் என்று ஓவியர் சொல்வார். ஒரு பெயர் கிடைத்ததும் அவள் மாடியில் போய் நின்று கூப்பிட்டுப் பார்ப்பாள், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி மூன்று தடவை, அடிக்கக் கூப்பிடுகிற மாதிரி மூன்று தடவை. இரண்டுக்கும் தாங்கினால்தான் அது பெயர். நேற்று அப்படிக் கூப்பிட்டதற்கு எதிர்வீட்டு பால்கனியிலிருந்து, "யாருங்க அது கட்டாயி, வேலைக்குப் புது ஆளா?" என்று கேட்டார்கள். "ஆமா, சனிக்கிழமைலேருந்து வர்றா" என்றாள் பூரணவல்லி.

"அப்பா, எனக்குச் சிவப்பாத் தெரியுது. உனக்கு என்ன தெரியுது?"

இடது பக்கத்திலிருந்து வந்தது குரல். சின்னப் பெண், பத்து பதினொன்று இருக்கும்.

"நான் கண்ணைத் திறந்துக்கிட்டுல்ல இருக்கேன் தாயி."

"அப்ப நீயும் மூடு. நான் மட்டும் மூடணுமா?"

"மூடிட்டேன்."

"பொய். நீ மூடலை. சிரிக்கிற சத்தம் கேக்குது."

என்ன குரல், சரிவில் விட்ட தண்ணீர் மாதிரி எங்கேயும் முட்டாமல் போகிறது. பூரணவல்லி இமைக்குள் அந்தப் பெண்ணை வரைந்தாள்: ஒல்லி, இரட்டைப் பின்னல், ஒரு ரிப்பன் அவிழ்ந்திருக்கும். பெயர் யாழினி, அல்லது நிலவழகி, அல்லது எழிலி. லகரமோ ழகரமோ கட்டாயம் இருக்கும், பந்தயம் கட்டலாம். இந்த மாதிரிக் குரலுக்கு வேறு பெயர் ஒட்டாது. நர்ஸ் எங்கேயோ நின்று பட்டியல் படிக்க ஆரம்பித்தாள், பேர் கூப்பிட்டா கையைத் தூக்குங்க, கண்ணைத் திறக்காம. ஒச்சம்மா. வாலகுரு. சின்னவிருமன். கேட்கக் கேட்க நன்றாக இருந்தது, ஒவ்வொன்றும் ஒரு ஆளை நடத்திக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தியது, வாலகுரு மெலிந்த கழுத்தும் சந்தன வாசனையுமாக, சின்னவிருமன் மீசையும் கூச்சமுமாக. சடச்சி. ஆண்டிச்சாமி. இதில் எது என் நோட்டில் இருக்கிறது என்று பழக்கத்தில் மனசு புரட்டிப் பார்த்தது. ஒச்சம்மா இல்லை. வாலகுரு இல்லை. சடச்சி, இல்லை. வேடிக்கையாக இருந்தது முதலில். ஐந்தில் ஒன்றுகூட இல்லையா, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பெயர் எழுதிய நோட்டு ஆயிற்றே.

நோட்டு சோணைமுத்துவுக்குப் பிறகு வந்தது. அந்தப் பெயரை நினைக்க வேண்டாம் என்றுதான் நினைப்பாள், ஆனால் கண்ணை மூடினால் எல்லாம் அந்தப் பக்கம்தான் சரிகிறது. பதினான்கு வருடம் முன்னால் ஒரு தொடரில், அடுத்தவர் டிபன் பாக்ஸைத் திறந்து தின்கிற பையனுக்குச் சோணைமுத்து என்று வைத்தாள். ‘சோ’ என்று வாய் அகலத் திறக்கிறது, ‘ணை’ என்று மெல்கிறது, ‘முத்து’ என்று விழுங்குகிறது. அத்தனை பொருத்தம். எட்டாவது வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. எழுத்து எழுத்தாகக் கோத்து எழுதிய கை. ‘ஐயா, எங்கள் மகன் சோணைமுத்து, ஆறாம் வகுப்பு. எங்கள் குலசாமி பெயர். ஒரு மாதமாகப் பள்ளி செல்ல மறுக்கிறான். அவன் சாப்பிடும்போது எல்லாரும் தங்கள் டப்பாவை மூடிக்கொள்கிறார்களாம். ஆகவே பெயரை மாற்றிவிட்டோம். இப்போது விக்னேஷ். இனித் தாங்கள் பயமின்றி எழுதலாம்.’ கோபமாக ஒரு சொல் இல்லை. கடைசி வாக்கியத்தைத் திட்டாக எழுதியிருக்கலாம் என்று பல தடவை திருப்பிப் படித்தாள், இல்லை, அந்த மனிதர் நிஜமாகவே அவளுக்கு வழிவிட்டுத்தான் எழுதியிருந்தார். குலசாமியை நகர்த்திவைத்துவிட்டுக் கதைக்கு வழி. அதன் பிறகுதான் நோட்டு. சிறுவர் பக்கத்தின் கீழ்க்கட்டத்தில் வாரா வாரம் போட்டோவோடு வருகிற பிறந்தநாள் வாழ்த்துகளைப் பழைய பேப்பர் மூட்டைகளையெல்லாம் அவிழ்த்து அகர வரிசையில் எழுதினாள். எந்தப் பெயர் எத்தனை தடவை என்று பக்கத்தில் கோடு. கெட்டவர்களுக்கு வைக்கிற பெயர் அந்த நோட்டில் இருக்கக் கூடாது, ஒரு தடவைகூட இருக்கக் கூடாது. அப்படியென்றால் அந்தப் பெயரில் பிள்ளை எதுவும் இல்லை, யாருக்கும் வலிக்காது. செல்வின் அதற்கு வைத்த பெயர் ஆதார். "மேடம், ஆதார் பாத்தாச்சா?" என்பான். பதினான்கு வருடத்தில் ஒரு கார்டு வரவில்லை. கட்டாயி நோட்டில் இல்லை. நேற்று இரண்டு தடவை பார்த்தாள்.

"கட்டாயி! யாரும்மா கட்டாயி, உசிலம்பட்டி?"

"இருக்கேன் சிஸ்டர்!" என்றது இடது பக்கத்துத் தண்ணீர்க் குரல்.

செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. "உனக்கு இன்னும் விரியலை. மேல பாரு. அவ்வளவுதான், மூடிக்கோ."

"கசக்குது சிஸ்டர்."

"கண்ணுல விட்டா எப்படிடி கசக்கும்?"

"உங்களுக்கு விட்டுப் பாருங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூரணவல்லி சிரிக்கவில்லை. காதில் மறுபடி ஒரு தடவை அந்தப் பெயரை ஓட்டிப் பார்த்தாள், தப்பாகக் கேட்டிருக்க வழியில்லை, அந்தப் பெண் கைதூக்கி வாங்கிக்கொண்ட பெயர். தாழ்ப்பாள், அதட்டல், பல் எல்லாம் எங்கே போயின? பெயர் அதேதான், அதற்குள்ளிருந்து தண்ணீர் ஓடி வருகிறது. இருபத்தாறு வருடத்தில் தன் காது இப்படிச் சறுக்கியதில்லை.

"உன் பேரா பாப்பா, கட்டாயி?"

"ஆமா பெரியம்மா. உங்க பேரு என்ன?"

"பூரணவல்லி."

"நீங்க குண்டா இருப்பீங்களா?"

"ஏய்" என்றார் அப்பா.

"இல்லை, ஒல்லி" என்றாள் பூரணவல்லி. "ஏன் கேக்குற?"

"பேரு குண்டா இருக்கு."

அட, இதுவும் நம் ஜாதிதான், காதால் பார்க்கிற ஜாதி. அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, தப்பா நினைக்காதீங்கம்மா என்றார். லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். இவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். "எங்க அத்தைதான் சொன்னாங்க, இதையாவது கட்டிப் போடுற மாதிரி ஒரு பேரா வையுங்கடான்னு. காலுல ஒரு கறுப்புக் கயிறு, பேருல ஒரு கட்டு. நின்னுருச்சு பாருங்க. இப்ப கரும்பலகை தெரியலைங்கிறா, அதான் கூட்டியாந்தேன்." தான் கேட்ட தாழ்ப்பாள் சத்தம் அதில் இல்லாமல் இல்லை, பூரணவல்லி நினைத்தாள், இருக்கிறது, ஆனால் அது வெளியே யாரையும் அடைக்கவில்லை, உள்ளே ஒன்றைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. "பள்ளிக்கூடத்துல வேற யாருக்காவது இந்தப் பேரு இருக்கா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"நான் ஒருத்திதான்" என்றாள் கட்டாயி பெருமையாக. "பசங்க என்னைக் கட்டாயக் கல்விம்பாங்க. நானும் அவங்களுக்குப் பேரு வெப்பேன். சஞ்சய்க்குக் கொசுவத்தின்னு வெச்சேன், புகைஞ்சுக்கிட்டே இருப்பான். இப்ப டீச்சரே அப்படித்தான் கூப்பிடுறாங்க. ஆனா லீடர் போர்டுல எம்பேரைத்தான் முதல்ல எழுதுவான். சின்னப் பேரு, டக்குனு எழுதிறலாம்ல. சிவசங்கரநாராயணன் எவ்வளவு பேசினாலும் எழுத மாட்டான், கை வலிக்கும்."

"உங்க பள்ளிக்கூடத்துல பேப்பர் வாங்குறாங்களா? சனிக்கிழமை சிறுவர் பக்கம்?"

"வீட்டுக்கெல்லாம் வாங்கறதில்லை பெரியம்மா. டீச்சர் கொண்டாந்து சுவத்துல ஒட்டுவாங்க. கதையை நான்தான் சத்தமாப் படிப்பேன்."

ஒட்டுவார்கள். இவளே சத்தமாகப் படிப்பாள். ‘ஏழாம் வகுப்பு பி பிரிவின் தலைவி கட்டாயி எல்லோருக்கும் எதிரி’ என்று தன் வாயாலேயே படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள், நாற்பது முகம். கொசுவத்தி முன்னால் நிற்பான். அவனுக்கு இனிப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், அச்சிலேயே வந்துவிட்டது. வீட்டுக்கு வாங்கறதில்லை. இத்தனை வருடம் இது எப்படித் தோன்றாமல் போயிற்று? பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துப் பின்னால் பெயர் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிற வீடுகளின் பெயர்கள்தானே அந்த நோட்டில் இருப்பது. தபால் கார்டில் எழுத்துக் கோத்த அந்த மனிதர் என்றைக்காவது மகனின் போட்டோவை அனுப்பியிருப்பாரா? மாட்டார். அப்படியானால் அன்றைக்கே நோட்டு இருந்திருந்தாலும் சோணைமுத்து அதில் இருந்திருக்க மாட்டான், அவள் கோடு போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாக அவன் பெயரையேதான் வைத்திருப்பாள். ஆதார் பார்த்தாச்சா, பார்த்தாச்சு. பிள்ளை எதுவும் இல்லை என்று நினைத்த இடமெல்லாம் போட்டோ அனுப்பாத பிள்ளைகள். ஒச்சம்மா, வாலகுரு, சடச்சி. பதினான்கு வருடமாக எந்தப் பெயரைத் தேடித் தேடி எடுத்திருக்கிறாள்? அபூர்வமானதை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தர்தான் இருக்கிற பெயரை. கார்டு வரவில்லை என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமா, கார்டு எழுதாத அப்பாக்கள் எத்தனை பேர், சத்தமில்லாமல் விக்னேஷ் ஆனவர்கள் எத்தனை பேர். நாற்காலி வரிசை நடுங்கியது. இந்தத் தடவை காலை ஆட்டுவது தான்தான் என்று தெரிந்து முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

நிதானம். பிழை எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதித் திருத்தம் முடிந்த மாதிரி, இருபத்தாறு வருடம் புரூஃப் பார்த்தவளுக்கு அது தெரியாதா. விதியைத் தூக்கிப் போட வேண்டாம், தலைகீழாகப் பிடித்தால் போதும். நோட்டில் இல்லாத பெயரை எடுத்ததுதான் தப்பு, நோட்டில் அதிகமாக இருப்பதை எடு. அதிகம் எது, யாழினி, அறுபத்து நாலு கோடு. அறுபத்து நாலு பேர் சேர்ந்து தூக்கினால் ஒருத்தியின் தோளுக்கு என்ன பாரம் வந்துவிடும்? ஒரு வகுப்பில் மூன்று யாழினி இருந்தால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் கைகாட்டிவிட்டுச் சிரிப்பார்கள். சரி, சத்தம்? வல்லினமே இல்லாத கெட்டவளா? ஏன் கூடாது. அவள் அதட்டவே வேண்டாம். மெதுவாகப் பேசட்டும், முத்து முத்தாக எழுதட்டும். பெயரின் வழவழப்பை நம்பிப் பிள்ளைகள் அவளிடம் ரகசியம் சொல்வார்கள், மத்தியானம் திரும்பிப் பார்த்தால் கரும்பலகையில் அவரவர் பெயர். இவளைவிடக் கெட்டவள் ஒருத்தியை நான் இதுவரை எழுதியதில்லை என்று பூரணவல்லிக்குத் தோன்றியது. முதுகு தானாக நிமிர்ந்தது. அப்படியானால் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிற பெண்ணுக்கு...

மடியிலிருந்த கைப்பைக்குள் போன் துடித்தது. துழாவி எடுத்து, பழகிய கட்டைவிரலால் பச்சையைத் தள்ளினாள்.

"மேடம், பன்னெண்டாகப் போகுது. ஆதார் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு செல்வின். ஆதார் தப்பு."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன். கெட்டவ பேரு யாழினி."

"மேடம், யாழினி நம்ம ஹீரோயின். உங்களுக்கு மருந்து ஏதும் தலைக்கு ஏறிடுச்சா?"

"மருந்து தொண்டையிலதான் நிக்குது. ரெண்டு பேருக்கும் பேரை மாத்திப் போடுங்க. லீடர் யாழினி. மாட்டிக்கிற பொண்ணு கட்டாயி."

"கட்டாயியா? ஹீரோயினுக்கா? இடி விழுற மாதிரி இருக்கே மேடம். ஹீரோயின்னா வழுக்கிக்கிட்டுப் போகணும்னு நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க? ஓவியர் என்னைக் கொன்னுடுவாரு."

"படத்துல பேர் எழுதியிருக்காரா?"

"இல்லை..."

"அப்ப அவருக்கு என்ன? சத்தமாச் சொல்லிப் பாருங்க ஒருக்கா. சாப்பிடக் கூப்பிடுற மாதிரி."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுகிற சத்தம். பிறகு ஆபீஸ் நடுவில் நின்றுகொண்டு செல்வின் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் யாரோ, யாருடா அது என்று கேட்டது இங்கே கேட்டது. "பரவாயில்லை மேடம்" என்றான் மெதுவாக. "ஓடி வர்ற மாதிரிதான் இருக்கு."

முழங்கை மேல் ஒரு விரல் குத்தியது.

"பெரியம்மா. எம்பேரைச் சொன்னீங்க."

"சொன்னேன். சனிக்கிழமைக் கதையில ஒரு பொண்ணுக்கு வெக்கப் போறேன். நல்ல பொண்ணு. வெச்சுக்கலாமா?"

"அப்பா, வெச்சுக்கலாமா?"

"எனக்கென்ன தெரியும்? உம்பேரு, நீ சொல்லு."

கட்டாயி யோசித்தாள். யோசிக்கிறபோது அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பூரணவல்லி காத்திருந்தாள், வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம், செல்வின் கத்தட்டும், பக்கம் லேட் ஆகட்டும். யாரிடமும் கேட்காமல் எடுத்த பெயர்கள் போதும்.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?"

"லீடர் அவ பேரைப் பொய்யா போர்டுல எழுதிடுவா. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் இவ திரும்பி வந்து, யாருக்கும் தெரியாம அதை அழிச்சிடுவா. முதல் வாரம் அதோட முடியுது."

"சீ."

"ஏன்?"

"ஒளிஞ்சுக்கிட்டா அழிப்பா? பேசவே இல்லைல்ல அவ? எல்லாரும் இருக்கறப்பவே எந்திரிச்சுப் போய் அழிக்கணும்."

"லீடர் மறுபடி எழுதுவாளே?"

"எழுதட்டும். மறுபடி அழிக்கணும். மறுபடி எழுதுவா, மறுபடி அழிக்கணும். சாக்பீஸ் தீந்துரும்ல?"

வரிசையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. பூரணவல்லி போனைக் காதுக்கு இன்னும் நெருக்கிக்கொண்டாள்.

"செல்வின், இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கடைசிப் பத்தியை அடிச்சிடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க." இமைக்குள் இருந்த சிவப்பில் அவளுக்கு வகுப்பறை தெளிவாகத் தெரிந்தது, நாற்பது தலையும் கரும்பலகையும். அவள் ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் சொன்னாள். "மணி இன்னும் அடிக்கவில்லை. எல்லோரும் இருந்தார்கள். கட்டாயி எழுந்து போய் டஸ்டரை எடுத்தாள்."